நீங்க என்பிஏ ஆடியிருக்கீங்களா?

டோரிஸ் பர்க்கை எழுப்பி விட்டுட்டாங்க.

வேலை போகல. பல வருஷத்துக்குப் புது ஒப்பந்தம் போட்டுக் கையில கொடுத்துட்டு, கொஞ்சம் பின்னாடி போய் உக்காரச் சொல்லிட்டாங்க. 2025 ஆகஸ்ட்ல வந்த செய்தி. அப்பவே எழுதியிருக்கணும். கோவம் ஆறட்டும்னு விட்டேன். ஆறல.

சரி ஆறாமலே இருந்துட்டுப் போகட்டும்னு இருந்தா, எங்க வீட்டுக்காரரோட ஃப்ரெண்டு ஒருத்தர் வீட்டுக்கு வந்தவர், டிவில ஆட்டம் ஓடறதைப் பாத்துட்டு, "யாருங்க இது, லேடி பேசறாங்க? இவங்க என்ன என்பிஏ ஆடினவங்களா?"ன்னு கேட்டுட்டார். நல்ல மனுஷன். கெட்ட எண்ணத்துல கேக்கல. அதுதான் இன்னும் கடுப்பு. காபி கொடுத்து அனுப்பி வெச்சுட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

நீளமா போகும். பாஸ்கெட்பால் தெரியாதவங்களும் படிக்கலாம், நான் சொல்லிக்கிட்டே வரேன்.

முதல்ல அவங்களை எழுப்பி விட்ட அந்த நாற்காலி என்னன்னு சொல்லிடறேன். என்பிஏ, அதாவது அமெரிக்காவோட பெரிய பாஸ்கெட்பால் லீக். அதோட ஆட்டம் டிவில வரும்போது ஓரத்துல ஹெட்செட் மாட்டிக்கிட்டு ரெண்டு பேரோ மூணு பேரோ உக்காந்திருப்பாங்க. ஒருத்தர் பந்து கூடவே ஓடுவார். யார்கிட்ட பந்து, யார் போட்டா, உள்ள போச்சா, எத்தனை செகண்ட் பாக்கி, எல்லாம் அவர். பக்கத்துல இருக்கறவங்க, ஏன் உள்ள போச்சுன்னு சொல்றவங்க. அவங்களுக்குப் பேரு அனலிஸ்ட். அந்தச் சீட்டு வழக்கமா பழைய ஆட்டக்காரருக்கோ பழைய கோச்சுக்கோ போகும்.

டோரிஸ் பர்க் அந்த அனலிஸ்ட் சீட்டுக்காரங்க. 1990லயே.

ஆமா, 1990. நெறைய பேருக்கு இது தெரியாது. கையில மைக்கை வெச்சுக்கிட்டு கோச்சுங்க பின்னாடி ஓடினவங்க, பாவம்னு ப்ரமோஷன் கொடுத்து மேல உக்கார வெச்சாங்கன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. கதை தலைகீழ்.

1965 நவம்பர்ல நியூயார்க் பக்கம் வெஸ்ட் ஐஸ்லிப்ல பொறந்து, நியூ ஜெர்சி கடலோரத்துல மனஸ்க்வான்ங்கற ஊர்ல வளர்ந்தவங்க. வீட்ல எட்டுப் புள்ளைங்க. இவங்க கடைக்குட்டி. (எட்டாவதா பொறந்தவங்களுக்கு ரெண்டு பேர் பேசற இடைவெளில பூந்து பேச யாரும் சொல்லித்தர வேண்டியதில்லன்னு எனக்கு ஒரு எண்ணம். ஆராய்ச்சி எல்லாம் பண்ணல.) ரெண்டாங்கிளாஸ்லருந்தே கையில பந்து. அப்பறம் ரோட் ஐலண்ட்ல ப்ராவிடன்ஸ் காலேஜ். நாலு வருஷமும் பாயிண்ட் கார்டு. முதல் வருஷமே பிக் ஈஸ்ட்ங்கற பெரிய காலேஜ் லீக்ல அசிஸ்ட் கணக்குல முதல் இடம். அசிஸ்ட்னா, நீ பாஸ் கொடுத்து இன்னொருத்தர் பாயிண்ட் எடுக்கறது. 1987ல படிச்சு முடிச்சு வெளிய வரும்போது அந்தக் காலேஜோட அசிஸ்ட் ரெக்கார்டு இவங்க பேர்ல.

பாயிண்ட் கார்டுன்னா என்னன்னு நான் கொஞ்சம் பேசியே ஆகணும், ஏன்னா நானும் அதுதான். எங்க ஸ்கூல் டீம்ல என்னை அங்க போட்டதுக்கு ஒரே காரணம் உயரம். அதாவது இல்லாத உயரம். ரீபவுண்டுக்குக் குதிச்சா எனக்கு மத்தவங்க முழங்கைதான் கிடைக்கும். அதனால பந்தைத் தட்டிக்கிட்டு மேல கொண்டு வர்ற வேலை. கேக்க சின்ன வேலையாத் தெரியும். ஆனா பந்து கையில இருக்கற அந்த நேரத்துல மத்த நாலு பேர் எங்க நிக்கறாங்க, எங்க நிக்கணும், எவ எனக்குக் கை காட்டிட்டு வேற பக்கம் ஓடப் போறா, எதிர் டீம்ல யாருக்கு மூச்சு வாங்குது, எல்லாம் தெரிஞ்சிருக்கணும். பி.டி. சார் கோட்டுக்கு வெளிய நின்னு கத்திக்கிட்டே இருப்பார், "பந்தைப் பாக்காத, ஆளைப் பாரு!" கண்ணு தன்னால கீழ போகும். அவர் விசிலை வாயில வெச்சுக்கிட்டே திட்டுவார், பாதி திட்டு விசிலா வரும்.

நல்ல அனலிஸ்ட் செய்யறதும் அதேதான். எல்லாரும் பந்தைப் பாக்கும்போது அவங்க ஆளைப் பாக்கணும்.

1987ல ஒரு பொண்ணு காலேஜ்ல இப்படி ஆடி முடிச்சா அடுத்து எங்க போறது? பொண்ணுங்க லீக்கான டபிள்யூஎன்பிஏ அப்ப கிடையாது. அது வந்ததே 1997ல. வெளிநாட்டுக்குப் போய் ஆடலாம், இல்ல கோச்சிங். டோரிஸ் அதே ப்ராவிடன்ஸ்ல ரெண்டு வருஷம் அசிஸ்டென்ட் கோச்சா இருந்தாங்க. 1990ல அதே காலேஜ் பொண்ணுங்க ஆட்டத்துக்கு ரேடியோல அனலிஸ்ட். அந்த வருஷமே டிவிலயும் பிக் ஈஸ்ட் பொண்ணுங்க ஆட்டம். 1991லருந்து இஎஸ்பிஎன் சேனல். 1996ல ஆம்பளைங்க காலேஜ் ஆட்டத்துக்கும் பேச ஆரம்பிச்சாச்சு. டபிள்யூஎன்பிஏ பொறந்ததும் நியூயார்க் லிபர்ட்டி டீமோட ஆட்டங்கள். 2000ல நியூயார்க் நிக்ஸ் ஆட்டத்துக்கு கமென்ட்ரி சொன்ன முதல் பொண்ணு.

அப்பறம் நடந்ததுதான் வேடிக்கை. பத்து வருஷம் ஏன்னு சொல்லிக்கிட்டிருந்தவங்களை, என்பிஏன்னு வந்ததும் ஓரத்துல நிக்க வெச்சு, ஏன்னு கேக்கற வேலையைக் கொடுத்தாங்க. சைட்லைன் ரிப்போர்ட்டர். 2009லருந்து 2019 வரைக்கும், இஎஸ்பிஎன் ஆட்டங்களைக் காட்டற ஏபிசி சேனல்ல என்பிஏ ஃபைனல்ஸுக்கு அந்த வேலை டோரிஸோடது.

சைட்லைன் வேலையைக் கொறச்சுச் சொல்லல. கண்ணால பாத்தா அது எவ்வளவு கஷ்டம்னு புரியும். முதல் குவார்ட்டர் முடியும். கோச் தன் டீம்கிட்ட போற வழில நிறுத்தி, நேரலைல, ரெண்டே கேள்வி. ஆட்டத்தைத் தோத்துக்கிட்டிருக்கற ஆளு. முகம் கடுகடுன்னு இருக்கும். சான் அன்டோனியோவுக்கு 2025 வரைக்கும் கோச்சா இருந்த க்ரெக் பாப்பவிச்னு ஒரு பெரியவர், இந்தக் குவார்ட்டர் இடைவெளிப் பேட்டியே அவருக்கு ஆகாது. நீளமா கேட்டா ஒத்த வார்த்தைல பதில் சொல்லிட்டு நகந்துடுவார். அவர் முன்னாடி மைக்கை நீட்டறதுன்னா ரிப்போர்ட்டர்களுக்கு வயித்துல புளி கரையும். அந்தப் பேட்டித் துண்டுகளை நான் இன்னும் எடுத்துப் பாக்கறது உண்டு (இந்த வீட்ல என்னைத் தவிர யாருக்கும் அது சிரிப்பு வராது). டோரிஸ் அவர்கிட்ட போகும்போது ஒண்ணைக் கவனிச்சிருக்கேன். எப்படி இருக்கீங்க, என்ன தோணுதுன்னு எல்லாம் போக மாட்டாங்க. அந்தக் குவார்ட்டர்ல என்ன நடந்துச்சோ அதுல ஒண்ணைப் புடிச்சு, அது எப்படின்னு கேப்பாங்க. ஆட்டம் தெரிஞ்சவங்க கேக்கற கேள்வி. அதுக்கும் சில சமயம் ஒத்த வார்த்தைதான் வரும், அது வேற விஷயம்.

சைட்லைன்னு சொல்லிட்டு க்ரெய்க் சேகரைச் சொல்லாம போனா பாவம் வரும். டிஎன்டி சேனல்காரர். பூப்போட்ட கோட்டு, கண்ணைப் பறிக்கற ஆரஞ்சு, ஊதா, சோஃபா துணியிலருந்து வெட்டினதோன்னு சந்தேகம் வர்ற டிசைன். கெவின் கார்னெட்ங்கற ஆட்டக்காரர் நேரலைலயே அவர் போட்டிருந்ததைக் கொண்டுபோய் எரிச்சுடச் சொன்னார். இவர் சிரிச்சுக்கிட்டே அடுத்த ஆட்டத்துக்கு அதைவிட மோசமா ஒண்ணு போட்டுக்கிட்டு வருவார். 2014ல ரத்தப் புற்றுநோய்னு தெரிஞ்சுது. அவர் பையனே ஸ்டெம் செல் கொடுத்தான்.

இத்தனை வருஷம் பாஸ்கெட்பால் பின்னாடியே அலைஞ்ச மனுஷன் அதுவரைக்கும் என்பிஏ ஃபைனல்ஸ்ல ஒரு ஆட்டம்கூட வேலை பாத்தது கிடையாது. ஏன்னா ஃபைனல்ஸ் உரிமை அவரோட சேனல்கிட்ட இல்ல. 2016 ஜூன்ல க்ளீவ்லண்ட்ல ஆறாவது ஆட்டம். போட்டி சேனலான இஎஸ்பிஎன் அவரை வரச் சொல்லி, அன்னிக்கு ஒருநாள் டோரிஸ் கூட சேந்து சைட்லைன்ல நிக்க வெச்சாங்க. ஆட்டம் முடிஞ்சு அவர் லெப்ரான் ஜேம்ஸ்கிட்ட கேள்வி கேக்கப் போனா, லெப்ரான் திருப்பி அவரைக் கேட்டார், முப்பது வருஷத்துக்கு மேல ஒரு ஃபைனல்ஸ் கூட இல்லாம எப்படிய்யா இருந்தேன்னு. அந்த வருஷம் டிசம்பர்ல சேகர் போயிட்டார். 65 வயசு.

போட்டி சேனல் ஆளுக்கு எடம் விட்டுக்கொடுத்த அதே இஎஸ்பிஎன்தான் இப்ப நான் திட்டப் போற இஎஸ்பிஎன்னும்.

அதுக்கு முன்னாடி, அனலிஸ்ட் வேலை எவ்வளவு சுலபம்னு நெனைக்கறவங்களுக்கு ஒரு சோதனை சொல்றேன். நான் செஞ்சு பாத்தது. டிவி சத்தத்தை ம்யூட்ல போட்டுட்டு, அக்கா பையனைப் பக்கத்துல உக்கார வெச்சு, அவன் பந்து கூட ஓடறதுன்னும் நான் ஏன்னு சொல்றதுன்னும் பிரிச்சுக்கிட்டோம். தமிழ்ல. ஃபோன்ல ரெக்கார்டிங் ஓடுது. ஒருத்தன் ஸ்கிரீன் போட்டான், அதாவது எதிராளி ஓடற வழில சும்மா தூணா நின்னு மறிச்சான். அந்த மறைவுல இன்னொருத்தன் நழுவி வந்து மூணு பாயிண்ட் போட்டான். நான் ஆரம்பிச்சேன்: "இப்ப பாத்தீங்கன்னா, அந்த ஸ்கிரீன் போட்டாரு பாருங்க, அவரு என்ன பண்ணாருன்னா..."

அதுக்குள்ள எதிர்ப்பக்கம் டங்க் அடிச்சாச்சு.

"சித்தி, முடிச்சிட்டியா? நான் பேசலாமா?"

பந்து கைமாறினா 8 செகண்டுக்குள்ள நடுக்கோட்டைத் தாண்டணும், 24 செகண்டுக்குள்ள போடணும். அனலிஸ்டுக்குக் கிடைக்கறது, பந்து வலைல விழுந்ததுலருந்து எதிர் டீம் அதை எடுத்துக்கிட்டு நடுக்கோடு தாண்டற வரைக்கும்தான். அந்தத் துளி நேரத்துல ஏன்னு சொல்லி முடிச்சு, மூச்சு விட்டு, அடுத்தவருக்கு எடம் விடணும். ரீப்ளே வந்தா இன்னும் கொஞ்சம். ஒரு ஆட்டத்துல ஒரு டீம் கையில மட்டும் ஏறக்குறைய 100 தடவை பந்து வந்து போகும். அடுத்தடுத்த ஆட்டத்துலயும் சோதனை பண்ணோம். "பாத்தீங்கன்னா"வை எடுத்தேன். "என்ன பண்ணாருன்னா"வை எடுத்தேன். பேரையும் செஞ்ச காரியத்தையும் மட்டும் வெச்சுப் பாத்தேன். அப்பவும் என் வாக்கியம் நடுக்கோட்டைத் தாண்டித்தான் நின்னுச்சு. தமிழ்ல வினை கடைசில வர்றதால நேரம் ஆகுதுன்னு நான் ஒரு சாக்கு சொன்னேன். "உனக்குப் பேசறது பிடிச்சிருக்கு சித்தி, அதான்"னு அவன் சொன்னான்.

(இந்தப் பயலுக்கு டோரிஸைத் தெரிஞ்சதே என்பிஏ 2கே வீடியோ கேம்லதான். 2010ல வந்த 2கே11லருந்து பல வருஷம் அதுல சைட்லைன் ரிப்போர்ட்டர் குரலும் முகமும் அவங்களுது. நிஜ ஆட்டத்துல முதல் தடவை அவங்களைப் பாத்துட்டு, "சித்தி, கேம்ல இருக்கற ஆன்ட்டி நிஜமாவே இருக்காங்க!"ன்னு ஓடி வந்தான்.)

டோரிஸ் அந்தத் துளி நேரத்துல பேசறதைக் கேட்டுப் பாருங்க. எந்தப் பக்கத்துலருந்து உதவிக்கு ஆள் வரணும், ஏன் வரல, அடுத்த தடவை கோச் என்ன மாத்துவார், அவ்வளவுதான். முடிச்சுடுவாங்க. தொண்டை கொஞ்சம் கரகரப்பு. எனக்கு அது பிடிக்கும். பிடிக்காதவங்களும் இருக்காங்க. (அந்தக் கரகரப்பு ஒரு ஆம்பளைக்கு இருந்தா அனுபவக் குரல்னு சொல்லியிருப்பாங்க. விடுங்க.)

2016 நவம்பர்ல ட்ரேக், அந்தப் பாட்டுக்காரர்தான், டொரன்டோ ஆட்டத்துக்கு டோரிஸ் முகம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிக்கிட்டு வந்து முன்வரிசைல உக்காந்தார். உலகம் பூரா பாத்துச்சு. 2017ல இஎஸ்பிஎன் அவங்களை முழு சீசனுக்கும் என்பிஏ அனலிஸ்ட் ஆக்குச்சு. தேசிய அளவுல அப்படி நிரந்தரமா ஒரு பொண்ணு உக்காந்தது அதுதான் முதல் தடவை. ட்ரேக் டி-ஷர்ட் போட்டதால இல்லன்னு நம்பறேன்.

ஒரு ஆட்டம் ரெண்டு ஆட்டம்னு முன்னாடியும் பொண்ணுங்க உக்காந்திருக்காங்க. செரில் மில்லர் 1996லயே தேசிய ஒளிபரப்புல உக்காந்தாச்சு. 1984 ஒலிம்பிக்ஸ் தங்கம் ஜெயிச்ச டீம்ல இருந்தவங்க, அவங்க காலத்துல அவங்களை மிஞ்ச ஆளில்ல. அவங்களுக்கே அது நிரந்தர எடம் ஆகல. அதுக்கப்பறம் டோரிஸுக்கு அந்த எடம் கிடைக்க 21 வருஷம்.

2018ல நெய்ஸ்மித் ஹால் ஆஃப் ஃபேம்லருந்து கர்ட் கௌடி மீடியா விருது. 2020 மார்ச் 11, டல்லாஸ்ல ஒரு ஆட்டத்துக்குப் பேசிக்கிட்டிருந்தாங்க. அந்த ராத்திரிதான் கொரோனாவால என்பிஏவையே நிறுத்தினாங்க. அன்னிக்கே தலைவலி, அசதி. பரிசோதனைல கொரோனான்னு வந்துச்சு. அந்த மாசக் கடைசில வெளிப்படையா சொன்னாங்க. அப்ப நாம எல்லாம் பக்கத்து வீட்டுக்கே தெரியக்கூடாதுன்னு இருந்த நேரம், ஞாபகம் இருக்கா? உடம்பு தேறி, அதே வருஷம் ஆர்லாண்டோல வெளியாள் யாரும் நுழைய முடியாம பூட்டி வெச்சு நடத்தின ஃபைனல்ஸுக்கு ரேடியோல அனலிஸ்ட். ரேடியோல ஃபைனல்ஸ் பேசின முதல் பொண்ணு.

இப்ப 2023க்கு வருவோம். இங்கருந்துதான் என் வயித்தெரிச்சல்.

அதுவரைக்கும் ஃபைனல்ஸ்னா மூணு பேர். மைக் ப்ரீன் பந்து கூட ஓடுவார். ஜெஃப் வான் கண்டியும் மார்க் ஜாக்சனும் பக்கத்துல. பதினஞ்சு வருஷத்துக்கு மேல அந்தக் கூட்டு. (நடுவுல மூணு சீசன் ஜாக்சன் கோல்டன் ஸ்டேட்டுக்கு கோச்சா போயிட்டுத் திரும்பி வந்தார்.) வான் கண்டி விதிமுறையைத் திட்டுவார், ஜாக்சன் அவரை ஓட்டுவார், ப்ரீன் ரெண்டு பேரையும் மேய்ச்சுக்கிட்டே ஸ்கோர் சொல்வார். எனக்கு ஃபைனல்ஸ்னா அந்தச் சத்தம்தான். இங்க காலைல 6 மணி, அடுப்புல பால், டிவில வான் கண்டி புலம்பல்.

2023 கோடைல செலவைக் குறைக்கறோம்னு வான் கண்டியை அனுப்பிட்டாங்க. அடுத்து ஜாக்சனையும். அவங்க எடத்துக்கு டாக் ரிவர்ஸும் டோரிஸும். சரி, நல்ல ஜோடி. 2024 ஜனவரில டாக் ரிவர்ஸ் மில்வாக்கிக்கு கோச்சா கிளம்பிட்டார். அவர் எடத்துக்கு ஜேஜே ரெடிக். அவர் கூட 2024 ஃபைனல்ஸ் பேசி முடிச்சாங்க, பாஸ்டன் ஜெயிச்ச வருஷம். அமெரிக்காவோட பெரிய ஆம்பளைங்க விளையாட்டு லீக்ல, சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்கு டிவில அனலிஸ்டா உக்காந்த முதல் பொண்ணு டோரிஸ்தான். முடிஞ்ச கையோட ரெடிக் லேக்கர்ஸுக்கு கோச்சா போயிட்டார். (அந்த நாற்காலில என்ன ராசியோ, உக்காந்தவங்க எல்லாம் கோச் ஆயிடறாங்க.) அடுத்து ரிச்சர்ட் ஜெஃபர்சன். அவர் கூட 2025 ஃபைனல்ஸ்.

ரெண்டு சீசன், மூணு ஜோடி.

கச்சேரிக்கு வித்வான் அவரேதான், ஆனா மாசத்துக்கு ஒரு தவில்காரரை மாத்தினா நாதஸ்வரம் எப்படி இருக்கும்? எங்க நிறுத்துவார், எங்க அவரை விடணும், எங்க சும்மா இருக்கணும்னு கை பழகறதுக்கே நாள் வேணும். முன்னாடி இருந்த மூணு பேருக்கு பதினஞ்சு வருஷம் கொடுத்தவங்க, இவங்களுக்குக் கொடுத்தது அவ்வளவுதான்.

2025 ஃபைனல்ஸ்ல டோரிஸ் பிரமாதம்னு நான் சொல்ல வரல. ஓக்லஹோமா சிட்டிக்கும் இந்தியானாவுக்கும் ஏழு ஆட்டம். முதல் ஆட்டத்துலயே 0.3 செகண்ட் பாக்கி இருக்கும்போது இந்தியானாவோட ஹாலிபர்ட்டன் போட்டு 111-110ன்னு ஜெயிச்சான். பால் பொங்கி அடுப்பு அணைஞ்சதே எனக்குத் தெரியாது. அப்படிப்பட்ட தொடர்ல அந்த மூணு பேர் பேச்சு அங்கங்க தேங்கிப் போச்சு. ஒருத்தர் சொல்லி முடிச்சா அடுத்தவர் அதைப் புடிச்சுக்கிட்டுப் போகல. டோரிஸுக்கு ஆட்டக்காரங்களை ஒரேயடியா பாராட்டற பழக்கம் உண்டு, அது கூடிப் போச்சு. கோச்சைக் குறை சொல்ல வேண்டிய எடத்துல மரியாதையா நகந்துட்டாங்க. கோச்சுங்ககிட்ட அத்தனை வருஷம் மைக் நீட்டினதால வந்த பழக்கம்னு நெனைக்கறேன். வான் கண்டியா இருந்தா அந்த எடத்துல தாறுமாறா புலம்பியிருப்பார்.

இதெல்லாம் குறைதான். பேசலாம். ஆனா நெட்ல யாரும் இதைப் பேசல. பேசினது எங்க வீட்டுக்கு வந்தவர் கேட்டாரே, அது. என்பிஏ ஆடினவங்களா?

அப்ப கேளுங்க. வான் கண்டி என்பிஏ ஆடினது கிடையாது. ஒரு நாள் கூட. நியூயார்க் மாநிலத்துல ஒரு சின்னக் காலேஜ் டீம்ல ஆடினவர். ஹூபி பிரவுன்னு ஒரு மகான், 2025 பிப்ரவரில மில்வாக்கில தன்னோட 91 வயசுல கடைசி ஆட்டம் பேசிட்டு ஓய்வு எடுத்தார். எனக்குக் குரு அவர்தான். பாக்கற நம்மளையே ஆட்டக்காரனாக்கிப் பேசுவார்: இப்ப பந்து உன் கையில இருக்கு, நீ என்ன பண்ணணும்னு. என்பிஏ ஆடாதவர். மைக் ப்ரீனும் ஆடாதவர். யாராவது கேட்டோமா? நான் கேட்டதில்ல. எங்க வீட்டுக்காரர் கேட்டதில்ல.

அவங்க கோச்சா இருந்தவங்களாச்சேன்னு சொல்வீங்க. வான் கண்டியும் ஹூபியும் என்பிஏ கோச்தான், உண்மை. டோரிஸுக்கு என்பிஏல கோச் ஆகற வழி 1990ல எங்க இருந்துச்சு? இருந்த வழில எல்லாம் போனவங்க அவங்க. காலேஜ்ல ஆடினாங்க, கோச்சிங் பண்ணாங்க, காலேஜ் ஆட்டம், டபிள்யூஎன்பிஏ, என்பிஏன்னு எல்லாத்துக்கும் பேசினாங்க. பதினோரு ஃபைனல்ஸ்ல கோட்டோரம் நின்னு கோச்சுங்க மூஞ்சியைப் பக்கத்துலருந்து பாத்தவங்க. இதுக்கு மேல என்ன தகுதி வேணும், ரேஷன் கார்டா?

அந்த 2025 ஃபைனல்ஸ் நடந்துக்கிட்டிருக்கும்போதே, இவங்களை மாத்தப் போறதா பேப்பர்ல செய்தி வந்துடுச்சு. நெனச்சுப் பாருங்க. அன்னிக்கு ராத்திரி போய் ஹெட்செட் மாட்டிக்கிட்டு உக்காந்து பேசணும். இந்தியானா கோச் ரிக் கார்லைல், கோச்சுங்க சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான், பிரஸ் மீட்ல தன் டீமைப் பத்திப் பேசறதுக்கு நடுவுல டோரிஸுக்காகப் பேசினார். அவங்க பொண்ணுங்களுக்குத் திறந்து விட்ட வழியைப் பத்திச் சொல்லிட்டு, இந்த நேரத்துல இப்படிச் செய்தியைக் கசிய விட்டது வருத்தமா இருக்குன்னார். ஃபைனல்ஸ் ஆடிக்கிட்டிருக்கற கோச்சுக்கு இது தேவையே இல்லாத வேலை. அவர் மேல எனக்கு மரியாதை கூடிப் போச்சு.

ஆகஸ்ட்ல அறிவிச்சாங்க. ப்ரீன் பக்கத்துல ஜெஃபர்சன் இருப்பார், டோரிஸ் எடத்துக்கு டிம் லெக்லர். டோரிஸ் வேற குழுல, வேற ஆட்டங்களுக்கு. ஃபைனல்ஸ் இல்ல.

எனக்கு இதுல பெரிய எரிச்சல் எதுன்னு கேட்டா, லெக்லர்தான். அவர் மோசமா பேசினா நிம்மதியா திட்டலாம். மனுஷன் என்பிஏ ஆடினவர், 1996ல மூணு பாயிண்ட் போட்டி ஜெயிச்சவர், கால் நூற்றாண்டா இஎஸ்பிஎன்ல வீடியோவைத் துண்டு துண்டா நிறுத்திக் காட்டி ஆட்டம் சொல்லித் தர்றவர். அந்த ஸ்கிரீன் விஷயமே எனக்கு அவர் நிகழ்ச்சி பாத்துதான் உருப்படியா புரிஞ்சுது. நல்லா பேசறார். சுருக்கமா பேசறார். நடுக்கோட்டுக்கு முன்னாடி முடிச்சுடறார்.

வீட்டுக்காரர் இதைப் படிச்சுட்டு, "அப்ப யாரைத்தான் திட்டற?"ன்னு கேக்கறார். சொல்றேன். மூணு பேர் நல்லா பேசறதுக்குக் காலம் பிடிக்கும்னு தெரிஞ்சும் காலம் கொடுக்காத, சூட்டு போட்ட ஆளுங்களை. அவங்களும் என்பிஏ ஆடினதில்ல.